முதலாளிக்கு ஏது பென்ஷன்?

“ஐயா, கட்டை விரலை நல்லாத் தொடச்சுட்டு இன்னொருக்கா வைங்க.”

பத்திரப் பதிவு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் இதை நான்காவது முறையாகச் சொன்னாள். நானும் நான்காவது முறையாக வேட்டி முனையில் விரலைத் துடைத்துக்கொண்டு மேஜையில் இருந்த அந்தச் சின்னக் கருவியின் மேல் வைத்தேன். உள்ளே சிவப்பாக ஒரு வெளிச்சம் வந்தது, அணைந்தது. ரேகை பதியவில்லை.

வலது கட்டை விரல் போய் இடது கட்டை விரல் வந்தது. அதுவும் போய் ஆள்காட்டி விரல் வந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், “ஏனுங் பெரியவரே, நாளைக்கு வாரீங்களா?” என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

பக்கத்தில் நின்ற என் மகள் கவிதா என் கையை இழுத்துத் தன் கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“எங்கப்பா நாப்பது வருசம் லேத்துல நின்னவருங்க மேடம். ரேகையெல்லாம் இரும்புத் தூளோட போயிருச்சு. மை வெச்சு உருட்டிக்கலாங்களா?”

“அதிகாரியக் கேட்டுத்தானுங்க சொல்லோணும்” என்று அந்தப் பெண் உள்ளே போனாள். நாங்கள் ஓரத்தில் கிடந்த இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். வெளியே ஜெராக்ஸ் கடைச் சத்தம். அறை முழுக்கப் பசை வாசமும் வியர்வை வாசமும்.

நான் அன்று விற்க வந்தது என் பட்டறை நின்ற ஆறு சென்ட் இடத்தை. கவிதா வந்தது, அந்த விற்பனைக்குத் தனக்கும் சம்மதம் என்று கையெழுத்துப் போட. அந்த நாற்காலிக்கு நாங்கள் வந்து சேர ஆறு மாதச் சண்டை தேவைப்பட்டது.

யானையும் லேத்தும்

முதல் லேத்து வாங்கிய கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். எங்கள் ஐயன், அதாவது அப்பா, அன்னூர்ப் பக்கம் இருந்த இரண்டு ஏக்கரை விற்றுக் கொடுத்தார். அந்தப் பணத்தில் கணபதியில் இடம், தகரக் கொட்டகை, உள்ளே யாரோ ஓட்டித் தேய்த்த லேத்து ஒன்று. பம்பு செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் தொழில். அதைப் படித்த வாசகர் ஒருவர், “அப்புறம் சம்பாதித்ததையெல்லாம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டிருந்தார்.

இன்னொரு லேத்து வாங்கினேன்.

வெளியூர்க்காரர்கள் இதற்குச் சிரிப்பார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். கவிதா பிறந்த வருடம் ஒரு டிரில்லிங் மெஷின். அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் ஒரு கிரைண்டிங் மெஷின். அவள் கல்யாணம் முடிந்து கையில் மிஞ்சியதற்கு ஒரு மில்லிங் மெஷின். நடுவில் ஒருமுறை என் மனைவி சரோஜா ஒரு ஜோடி வளையல் கேட்டாள். “வளையலும் சுத்தும், மெஷினும் சுத்தும். எது சுத்துனாக் காசு வரும், நீயே சொல்லு” என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அதைப் பெரிய புத்திசாலித்தனமான பேச்சு என்று பத்து பேரிடம் சொல்லித் திரிந்தேன்.

இன்ஷூரன்ஸ்காரர் வந்தால் லேத்தைத் தட்டிக் காட்டி, “என்ற பாலிசி இங்க நிக்குது பாருங்க” என்பேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, லேத்தும் அப்படித்தான் என்று சத்தியமாக நம்பினேன்.

அறுபத்தாறாவது வயதில் ஆர்டரும் குறைந்து, என் இடுப்பும் ஒத்துழைக்காமல் போனபோது, யானைகளை விற்க ஆள் கூப்பிட்டேன். வந்த வியாபாரி வயதில் சின்னவர், பணிவானவர். ஒவ்வொரு மெஷினாகத் தடவிப் பார்த்தார்.

“அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. மெஷினோட அடிப் பெட்டெல்லாம் தேஞ்சு போச்சுங்க. இப்பொப் பூரா கம்ப்யூட்டர் மெஷினு. இதை ஓட்டறதுக்கு யாரும் வாங்க மாட்டாங்க. கிலோ கணக்குல வேணாப் போட்டுக்கலாமுங்க.”

கிலோ கணக்கில்! என் மகளின் வயதையும் படிப்பையும் கல்யாணத்தையும் நான் நினைவு வைத்திருந்ததே அந்த மெஷின்களை வைத்துத்தான். எடைமேடைக்கு வண்டி போனபோது நான் கூடப் போகவில்லை. வந்த பணம் பேங்குக் கடனுக்கும், கடைசி வரை என்னோடு நின்ற நாலு பேருக்குச் சேர வேண்டியதற்கும் சரியாக இருந்தது. எங்களுக்கு மிஞ்சியவை குடியிருக்கும் வீடு, அதன் மாடி வாடகை, பூட்டிய கொட்டகை.

பொன்னுசாமி வாங்கித் தந்த டீ

பொன்னுசாமி என் பட்டறையின் முதல் டர்னர். அவர் கடைந்த ஷாஃப்டை அளந்து பார்ப்பதே அவருக்கு அவமரியாதை என்று நினைப்பேன். அந்தக் கைக்கு அப்படி ஒரு சுத்தம். ஆனால் மாதா மாதம் சம்பள நாளன்று எங்களுக்குள் சண்டை வராமல் இருந்ததில்லை.

“ஏனுங் மொதலாளி, பி.எஃப்.னு சொல்லி இதை எதுக்குங்க புடிக்கறீங்க? கைல குடுத்தா ரெண்டு ஆட்டுக்குட்டி வாங்கி உடுவனல்லொ?”

“ஆட்டுக்குட்டி நாளைக்கு செத்துப் போவுமப்பா. வயசான காலத்துல பையன் கையப் பாத்துட்டு நிக்கப் போறியா?” என்று நான் அரை மணி நேரம் பிரசங்கம் செய்வேன். ஒரு காலத்தில் இருபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். ஒருவருக்கும் ஒரு மாதம்கூடப் பணம் கட்டாமல் விட்டதில்லை. நாங்கள் சரக்குக் கொடுத்த கம்பெனி காசு தராத மாதங்களில் சரோஜாவின் சங்கிலியை அடகு வைத்துக்கூடக் கட்டியிருக்கிறேன். இதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். முதலாளி என்பவன் அந்தத் திட்டத்தில் சேர முடியாது. வேறு திட்டங்களில் தனக்கென்று போட்டுக்கொள்ளலாம். நான் போடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

பட்டறையை மூடியதற்குப் பிறகு பொன்னுசாமி மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார். “பென்சன் வந்துருச்சுங்க மொதலாளி, வாங்க” என்று முக்கு பேக்கரிக்கு அழைத்துப் போவார். இரண்டு டீ, இரண்டு தேங்காய் பன். காசை நான் எடுப்பதற்குள் அவர் கொடுத்துவிடுவார்.

“நீங்க அன்னைக்கு வம்பாப் புடிச்சு வெச்சதுங்க. இன்னைக்கு என்ற மருமககிட்டப் போயி நான் டீக்காசு கேக்கறதில்லை.”

அது பெரிய பென்ஷன் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மனிதர் தோளை நிமிர்த்தி உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றதைப் பார்க்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்த டீயைக் குடித்தேன்.

ஒரு கேள்வி, ஒரு சண்டை

கவிதா சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை வீடு மதுக்கரை. மாதம் பிறந்து ஐந்தாம் தேதியானால் அவள் சம்பளத்தில் ஒரு பங்கு தானாகவே ஏதோ ஃபண்டுக்குப் போய்விடும். நகை வாங்குவதில்லை, இடம் வாங்குவதில்லை. “முப்பத்தஞ்சு வயசுல கிழவியாகறதுக்குக் காசு சேக்குது பாரு” என்று நான் கிண்டல் செய்வேன். “நான் கிழவியானா என்ற புள்ள எந்த ஊர்ல இருப்பாளோப்பா. அவளுக்கு நான் பாரமா இருக்கக் கூடாதல்லொ” என்பாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. பெற்ற பிள்ளை மேல் நம்பிக்கை இல்லாத ஒரு தலைமுறை வந்துவிட்டது என்று பேக்கரியில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

“அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் மாசம் எவ்வளவு வேணும்?”

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். “உன்ற கிட்ட வந்து நான் எப்பொக் கேட்டேன்?”

“நீங்க கேக்க மாட்டீங்கன்னுதான் நான் கேக்கறேன். மாசா மாசம் நான் போட்டு உடறேன்.”

“பொண்ணைக் கட்டிக் குடுத்துப்போட்டு, பொண்ணு காசுல சோறு திங்கறதா? சம்பந்தி ஊட்டுல என்ன பேசுவாங்க?”

“சேரி. அப்பொ ஷெட்டு நிக்கற எடத்தை வித்துச் சாப்புடுங்க.”

“அது உனக்கு வெச்சது, கண்ணு.”

“எனக்கு வேண்டாமுங்கப்பா.”

எங்கள் பக்கத்துப் பெண்கள் பிறந்த வீட்டிலிருந்து ஒன்றும் வேண்டாம் என்று சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள். உறவு முறிகிற சண்டையில்தான் அந்த வார்த்தை வரும். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். “பெத்த மனசு பித்து, புள்ள மனசு கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க!”

அவளும் எழுந்தாள். கோபத்தில் அவள் என்னையே உரித்து வைத்தவள். “அந்த எடம் எனக்கு வரோணும்னா நீங்க சாகோணும். அதுக்குக் காத்துட்டு இருக்கச் சொல்றீங்களா என்னைய?”

அன்றிலிருந்து மூன்று மாதம் நான் அவளோடு பேசவில்லை. அவள் ஞாயிறு தவறாமல் வந்தாள். நான் முன்வாசலில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஐயனின் இருமல்

பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் எங்கள் ஐயனின் நினைப்பு அடிக்கடி வந்தது. அந்த இரண்டு ஏக்கர் காட்டை விற்று எனக்குக் கொடுத்த பிறகு அவர் கையில் சல்லிக்காசு இல்லை. என்னோடு கணபதியில் இருந்தார். சவரம் செய்துகொள்ளக் காசு வேண்டுமென்றால் பட்டறைக்கு வந்து வாசலில் நின்று இருமுவார். வெறும் இருமல். நான் வேலையை முடித்துவிட்டு, “என்னுங்கய்யா, கடைக்குப் போகோணுமா?” என்று கேட்டுச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. நல்ல மகன் என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன்.

இரண்டு ஏக்கருக்குச் சொந்தக்காரனாக இருந்த மனிதர் ஒரு சவரத்துக்காக எத்தனை நிமிடம் இருமினார் என்று நான் எண்ணியதில்லை. அவருக்கு மாதம் இவ்வளவு வேண்டும் என்று கேட்கவும் எனக்குத் தோன்றியதில்லை. கவிதாவுக்குத் தோன்றியது. அதற்குத்தான் நான் அவளோடு பேசாமல் இருந்தேன். புத்தி இப்படி வேலை செய்துகொண்டிருந்தாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது பேப்பரைக் கீழே வைக்க விடவில்லை.

பாதி மாத்திரை

சரோஜாவுக்குப் பிரஷர் உண்டு. ஒரு ஞாயிறு அவள் சமையலறையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். கவிதா ஓடிப்போய் மாத்திரை டப்பாவைத் திறந்தாள். பிறகு டப்பாவைக் கொண்டுவந்து என் பேப்பர் மேலேயே வைத்தாள். உள்ளே மாத்திரைகள் எல்லாம் பிளேடால் இரண்டிரண்டாக வெட்டிக் கிடந்தன.

“அம்மா பாதி பாதியாத் திங்கறாங்க. அதுவும் ஒரு நாள் உட்டு ஒரு நாள். டாக்டர் சொன்னாரான்னு கேட்டேன். இல்லையாமா.”

நான் சமையலறைக்குள் போனேன். சரோஜா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் சரோஜா?”

“மாசக் கடைசி வரைக்கும் வரோணுமல்லங்க. ஒண்ணும் ஆகலை, உடுங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மாடி வாடகைல கரண்ட்டு, பாலு, கேசு, உங்க இடுப்புத் தைலம், ஊர்ல நாலு மொய்யி. மிச்சத்துக்கு நான் என்னங்க பண்ணட்டும்? உங்ககிட்டக் கேட்டா, ‘ஷெட்டு கவிதாளுக்கு’ன்னு சொல்லுவீங்க. அவகிட்டக் கேட்டா உங்களுக்குக் கோவம் வரும்.”

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. விலை சொல்கிற மாதிரி சொன்னாள். கொட்டகையை வாடகைக்கு விட்டால் வந்தவன் காலி பண்ண மாட்டான், மகளுக்குச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று நல்ல விலை போகும் ஒரு இடத்தைப் பூட்டி வைத்துவிட்டு, என் பெண்டாட்டியை பிளேடு எடுக்க வைத்திருக்கிறேன். அவள் மேல் எனக்கு அன்று வந்த மரியாதைக்கும் என் மேல் வந்த வெட்கத்துக்கும் அளவே இல்லை.

வெளியே வந்து மூன்று மாதம் கழித்து மகளோடு பேசினேன். “ஆளைப் பாரு, கண்ணு. வித்தரலாம்.”

அவள் “நாந்தான் அப்பவே சொன்னேனே” என்று சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டவர்கள் மிகக் குறைவு. ஆள் பார்த்தாள், குடோன் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்த ஒருவர் அமைந்தார். ஐயனின் காட்டுப் பணத்தில் வாங்கிய இடம் என்பதால் மகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் வக்கீல். அதற்கு லீவு போட்டாள். பணத்தை எங்கே போட்டால் மாதம் எவ்வளவு வரும், அவசரத்துக்கு எவ்வளவு தனியாக இருக்க வேண்டும், நான் போன பிறகு சரோஜாவுக்கு எப்படி வரும் என்று ஒரு தாளில் எழுதி வந்து, சரோஜாவுக்கு முதலில் விளக்கினாள். எனக்கு இரண்டாவதாகத்தான். நாற்பது வருடம் பட்டறை நடத்திய எனக்கு இருபது நிமிடத்தில் புரிய வைத்தாள்.

பணம் யாருக்கு?

சார்பதிவாளர் உள்ளே கூப்பிட்டார். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். மை வைத்துக்கொள்ளலாம், அதில் பிரச்சினை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு பத்திரத்தைப் புரட்டிவிட்டுக் கவிதாவைக் கேட்டார்.

“நீங்க மனசாரத்தானேம்மா சம்மதிக்கறீங்க? யாரும் வற்புறுத்தலியே?”

“என்னைய யாரும் வற்புறுத்தலீங்க மேடம். நாந்தான் எங்கப்பாவை வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தேன்.”

என் மகளுக்கு உண்மையை அப்படியே போட்டு உடைக்கிற குணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. அதிகாரியின் பேனா நின்றுவிட்டது.

“நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா.”

கவிதா என்னைப் பார்த்தாள், ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஐயா, பயப்படாமச் சொல்லுங்க. நான் எத்தனையோ பாத்துட்டேன். பெத்தவங்களக் கூட்டிட்டு வந்து கையெழுத்து வாங்கிட்டுப் பணத்தோட போயிருவாங்க. அப்பறம் அவங்க தெருவுல நிப்பாங்க. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே நிறுத்திரலாம். இந்தப் பணம் யாருக்குப் போகுது? மகளுக்கா, மருமகனுக்கா?”

சுலபமான கேள்வி. பதிலும் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. என் வாழ்க்கையில் கைக்கு வந்த பணத்துக்கெல்லாம் ஒரு பெயர் இருந்தது. ஐயனுக்கு, பேங்குக்கு, மெஷினுக்கு, ஆட்களுக்கு, கவிதாவுக்கு. என் பெயரை அந்த இடத்தில் வைத்துச் சொல்லிப் பழக்கமில்லை. எங்கள் பக்கத்து ஆம்பளைக்கு அது கிட்டத்தட்ட கெட்ட வார்த்தை.

நான் பேசாமல் நின்றதை அந்த அம்மாள் பயம் என்று எடுத்துக்கொண்டார். பேனாவை மூடினார். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே கவிதா ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசையில் இருந்தவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்பனை மிரட்டிச் சொத்தை விற்க வைக்கிற மகள்! தன் பங்கை எங்கள் தட்டில் போட வந்தவள், என் வாய்க்குள் நின்ற ஒரு சொல்லால் திருடி போல நின்றாள்.

“எனக்குத்தானுங்க” என்றேன்.

“யாருக்கு? சத்தமாச் சொல்லுங்கய்யா.”

“எனக்குங்க! எனக்கும் என்ற பொண்டாட்டிக்குமுங்க! நாங்க ரெண்டு பேரும் உக்காந்து திங்கறதுக்கு! எம் புள்ளைக்கு ஒத்தப் பைசா கெடையாதுங்க!”

பட்டறையில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதிகாரி திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார்.

கதவுக்கு வெளியிலிருந்து கவிதாவின் குரல் கேட்டது.

“இதைத்தானுங்க மேடம், ஆறு மாசமாச் சொல்லச் சொல்லிக் கெஞ்சிட்டு இருந்தேன்.”